முதலில் கூப்பிட வேண்டியவள்

பிப்ரவரி 9

வாலுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும், "அக்காவுக்கு என்ன ஆச்சு, போன் கெட்டுப்போச்சா?" என்று நினைப்பாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. பேசினால் நான் கத்துவேன். கத்தினால் உன் மாமா வந்து போனைப் பிடுங்கிக்கொள்வார். எழுத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் விடைத்தாள் திருத்தும் வேலைக்காக உன் ஊருக்கு வந்தபோது, பட்டாணியைப் பார்க்கலாம் என்று நாம் இருவரும் பல்கலைக்கழகத்துக்குள் நடந்து போனோம். அவளுக்காகப் பின்னிய ஸ்வெட்டர் என் கையில் இருந்தது. நூலகப் படிக்கட்டு அருகே அவளே எதிரில் வந்தாள். என் மகள், நீ இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நூறு பேர் பார்க்க அவள் கன்னத்தைக் கிள்ளி, பாவம், அந்தப் பெண்ணை நெளிய வைப்பது உன் பிறவிக் குணம். அன்று என்ன செய்தாய்? சட்டென்று திரும்பி நோட்டீஸ் போர்டைப் பார்த்தாய். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் பார்த்தேன். யாரோ நீல மூடி போட்ட தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டார்களாம். அதைப் பரீட்சைக்குப் படிப்பது போல நீ படித்துக்கொண்டிருந்தாய்.

பட்டாணி உன்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "கிளாஸ் இருக்கும்மா" என்று ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

எனக்கு அங்கே ஒன்றும் புரியவில்லை. ரயிலில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. ஒருமுறை செருப்புக் கடையில் ஒரு பெண் "மேடம்!" என்று ஓடி வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ கண் கலங்கிப் போனாய். யாரென்று கேட்டதற்கு என்ன சொன்னாய்? "எங்க ரூமுக்கு வந்த பிள்ளைங்களை வெளியில பார்த்தா நாங்களா பேச மாட்டோம்க்கா. அவங்க முதல்ல கூப்பிட்டாத்தான் உண்டு. தெரிஞ்சவங்கன்னு காட்டிக்கிறதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும்." பெருமையாகத்தான் சொன்னாய். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் நீ பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற அந்த அறைக்கு யாரும் தலைவலி மாத்திரை கேட்டு வருவதில்லை. எவனோ கை வைத்த பிள்ளைகள், எவனோ விடாமல் துரத்துகிற பிள்ளைகள், வீட்டில் வாய் திறக்க முடியாத பிள்ளைகள் வருகிற அறை அது. என் மகளைப் பார்த்து நீ ஏன் நோட்டீஸ் போர்டுக்குத் திரும்பினாய்?

நேராகக் கேட்கிறேன். பட்டாணி உன் அறைக்கு வந்தாளா? ஒரு வார்த்தை போதும். "இல்லை" என்று நீ எழுதினால், இந்தக் கடிதத்தை நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்வேன். வேறு ஊரில் இடம் கிடைத்தும் சித்தி இருக்கிற ஊர் என்றுதான் அவளை அங்கே சேர்த்தேன்.

உன்னை நம்பிய
அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். உலையில் வைத்தது பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. நீ எழுத்திலும் நன்றாகத்தான் கத்துகிறாய்.

என் பதில்: சொல்ல முடியாது.

கசக்கிப் போடாதே, இன்னும் கொஞ்சம் படி. வந்தாள் என்று சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டாவதைத்தான் நீ ஏற்றுக்கொள்ள மாட்டாய். "வரலைன்னா வரலைன்னு சொல்லித் தொலையேன், இதுல என்ன ரகசியம்?" என்பாய். மகள் வராத அம்மாக்கள் கேட்கும்போதெல்லாம் "வரவில்லை" என்று நான் சொல்லிப் பழகிவிட்டதாக வைத்துக்கொள். ஒரு நாள் ஒரே ஒரு அம்மாவிடம் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்குப் புரியாதா? அதனால்தான் எல்லாருக்கும் இந்த ஒரே பதில். துணைவேந்தர் கேட்டாலும் இதுதான், பெற்றவள் கேட்டாலும் இதுதான். கூடப் பிறந்தவள் கேட்பாள் என்று மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் அறையை நீ உள்ளே வந்து பார்த்ததில்லை. இரண்டாவது மாடி. ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறு பக்கம் பஸ் பாஸ் கவுண்டர். கதவில் எண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது. அந்த நடையில் நிற்கிற பிள்ளை ஜெராக்ஸுக்கு நிற்கிறதா, பஸ் பாஸுக்கா, எங்களுக்காகவா என்று யாருக்கும் தெரியாது. நல்ல காற்றோட்டமான இடம் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னபோதும் வேண்டாம் என்று அந்த இடுக்கையே கேட்டு வாங்கினோம்.

நோட்டீஸ் போர்டைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். அந்த வளாகத்துக்குள் எனக்கு எல்லா மாணவர்களும் ஒன்றுதான், பட்டாணிக்கு ஒரு விதி ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விதி என்று கிடையாது. (இந்த வரியை நீ நம்பப் போவதில்லை. எழுதும்போதே உன் புருவம் மேலே போவது தெரிகிறது.)

நீ போன் செய்யாதது நல்லதாகப் போயிற்று. செய்தாலும் எடுக்க மாட்டேன். சின்ன வயதில் நான் பொய் சொன்னால், முகத்தைக்கூடப் பார்க்காமல் நான் மூச்சு விடுவதை வைத்தே பிடித்துவிடுவாய். காகிதத்தில் மூச்சு கேட்காது.

என்னை நம்பித்தான் அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை, அக்கா.

வாலு


பிப்ரவரி 19

கல்லுளிமங்கிக்கு,

பாடம் எடுத்ததற்கு நன்றி. நானும் பள்ளிக்கூடம் நடத்துகிறவள்தான். துணைத் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, டியூப் லைட்டை உடைத்தவன், அவனைத் தூண்டிவிட்டவன், பார்த்தும் பார்க்காதது போல நின்றவன் எல்லாரையும் ஒரு பீரியட் முடிவதற்குள் வெளியே கொண்டு வருகிறவள். நீ மழுப்பினால் எனக்குத் தெரியாதா?

உனக்குத் தெரியாத சிலவற்றை நான் சொல்கிறேன். இல்லை, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இருந்தாலும் கேள். போன விடுமுறைக்கு வந்திருந்தபோது அவள் தன் அறைக் கதவுக்கு உள்பக்கம் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கினாள். எங்கள் வீட்டில்! உன் மாமா குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கதவைத் தள்ள, நாற்காலி விழ, அவள் அலறிய அலறலில் மனிதர் சொம்பைப் போட்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்காக ஊர் ஊராகப் போய், உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பதறாமல் வெளியே எடுக்கிற ஆள், அன்று சிந்திய தண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வழிகாட்டியாக இருக்கிற ஆசிரியரைப் பற்றி முதல் வருடம் முழுக்க "எங்க சார் சொன்னாரு, எங்க சார் சொன்னாரு" என்று காதைத் தின்றாள். இப்போது அந்தப் பேச்சே இல்லை. நானாகக் கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா." மறுபடி கேட்டேன். "ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல." நான் விடவில்லை. யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருகிறாய், ஆய்வுக்கூடத்தில் வேறு யார் இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவளைக் கேட்டால் அவள் சொல்ல மாட்டாள். உன்னைக் கேட்டால் நீ சொல்ல மாட்டாய். நான் யார், வாசலில் நிற்கிற காவல்காரியா?

முடிவு செய்துவிட்டேன். அவளுடைய துறைத் தலைவரின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் போன் போட்டு, என்ன நடக்கிறது உங்கள் ஆய்வுக்கூடத்தில் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப் போகிறேன். பிறகு நேரில் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். கடைசி வருடமாம், பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானாம். போனால் போகட்டும். படிப்பு வேண்டாம், பிள்ளை போதும்.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

இதை எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் உன்னைத் திட்டியிருந்தேன். இதில் முடிந்தவரை திட்டாமல் எழுதுகிறேன்.

துறைத் தலைவருக்குப் போன் போடாதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். இதைப் பட்டாணிக்காகச் சொல்கிறேன் என்று நீ எடுத்துக்கொண்டால் அது உன் கணக்கு. எந்த அம்மா கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஒரு கதை சொல்கிறேன். ஒருத்தியின் கதை இல்லை, நாலைந்து பேருடையதைக் கலந்து அடையாளத்தை அழித்துச் சொல்கிறேன். ஒரு பெண் எங்களிடம் வந்தாள். பேசவே பல நாள் ஆயிற்று. ஒரு நாள் வாசல் வரை வந்து திரும்பிப் போவாள், இன்னொரு நாள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் பரீட்சையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அடுத்து என்ன செய்யலாம் என்று அவளே யோசிக்க ஆரம்பித்திருந்தாள். அந்த நேரத்தில் அவளுடைய அப்பா, பாசமான மனிதர், உன்னைப் போலவே ரத்தம் கொதித்து, துறைக்குப் போன் போட்டுவிட்டார். போனை எடுத்தவருக்கு அடுத்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் கேன்டீனில் அந்தப் பெண்ணின் பெயர் மேசைக்கு மேசை போனது. அவள் அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு வரவில்லை. துறைக்கும் போகவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் ஏற்கெனவே ஒருவனிடம், தன்னுடைய விஷயத்தைத் தான் முடிவு செய்கிற உரிமையை இழந்திருந்தாள். அதையே இன்னொரு முறை, பாசத்தால், அப்பாவிடமும் இழந்தாள். இது எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அதனால்தான் நாங்கள் ஒரு வேடிக்கையான காரியம் செய்வோம். உள்ளே வருகிறவர்களிடம் "என்ன நடந்தது?" என்று கேட்க மாட்டோம். "ஜன்னல் திறந்திருக்கட்டுமா, மூடட்டுமா?" என்று கேட்போம். திற என்றால் திறப்போம், மூடு என்றால் மூடுவோம். சிலர் நாலு தடவை மாற்றிச் சொல்வார்கள். நாலு தடவையும் எழுந்து போவோம். எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்போம். முகம் துடைக்கும் காகிதத்தைக்கூட முன்னால் தள்ளி வைக்க மாட்டோம், எட்டினால் எடுக்கிற தூரத்தில் வைப்போம். முன்னால் வைத்தால் "அழு" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். உன் விருப்பப்படிதான் இந்த அறையில் எல்லாம் நடக்கும் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஜன்னலில் காட்ட வேண்டியிருக்கிறது.

நீ டியூப் லைட் விசாரணை செய்கிறவள். உன் கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள்தான், குற்றம் செய்தவனுக்கு. யாரோடு போனாய், ஏன் அந்த நேரத்தில் போனாய் என்று ஒரு பிள்ளையைக் கேட்டால், அதன் காதில் "தப்பு உன்னுடையது" என்றுதான் விழும். கேட்டவளுக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது. இருந்தாலும் விழும்.

படிப்பு வேண்டாம் என்று யார் சொல்ல வேண்டும், அக்கா? படிக்கிறவளா, நீயா?

திட்டாமல் எழுதுகிறேன் என்றேன். ஒரே ஒரு திட்டு: எனக்கும் சித்தி மனசு ஒன்று இருக்கிறது என்பதை நீ மறந்தே போய்விட்டாய், மண்டூகமே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாப்பிட வருவாள் என்று வாங்கி வைத்த பிஸ்கட் டப்பா என் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

வாலு


மார்ச் 1

போன் போடவில்லை. போடவும் மாட்டேன், இப்போதைக்கு.

ஆனால் வருகிறேன். பெற்ற பிள்ளையைப் பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், உங்கள் அறை விதியில் அதற்கும் ஏதாவது இருந்தால் சொல். உன் வீட்டில் தங்க மாட்டேன். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ் இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்வேன். டி.சி. விண்ணப்பம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கிழித்துவிடு என்று உன் மாமா சொல்கிறார். கிழிக்கவில்லை.

ஆறாம் தேதி வருவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். "எதுக்கும்மா?" என்றாள். "சும்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் எங்கேயும் சும்மா போனதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மண்டூகமாம். இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

கூரியரில் வருகிற இந்த உறைக்குள் என் வீட்டுச் சாவி இருக்கிறது. லாட்ஜில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். அங்கே உட்கார்ந்து யாரும் யாரிடமும் பேச முடியாது. நான் ஐந்தாம் தேதியிலிருந்து வெளியூரில் பயிற்சிக்குப் போகிறேன், வீடு காலியாக இருக்கும். உனக்காக ஓடி ஒளிகிறேன் என்று நினைக்காதே. பாதி அப்படித்தான்.

பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கதவை உன் பக்கம் இழுத்துக்கொண்டு திருப்பு. முன்னறை ஜன்னலின் கொக்கி தளர்ந்திருக்கிறது, திறந்தால் காற்றில் அடித்துக்கொள்ளும், செருப்பை முட்டுக் கொடு.

உனக்கு வாய் சும்மா இருக்காது. பிஸ்கட் டப்பா மேல் தட்டில் இருக்கிறது.

வாலு


மார்ச் 11

வாலு,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உன் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அவள் சாயந்திரம் வந்தாள். நான் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள், ஆனால் தோளெல்லாம் தொங்கியது, அவ்வளவு மெலிந்துவிட்டாள். உள்ளே வந்ததும் ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்தாள், கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று அளவெடுக்கிற மாதிரி. என் வாயில் இருபது கேள்விகள் வரிசை கட்டி நின்றன. உன் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கே சிரிப்பாக இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"ஜன்னல் திறந்திருக்கட்டுமா, மூடட்டுமாடி?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "திறந்திருக்கட்டும்மா" என்றாள். போய்த் திறந்து, செருப்பை முட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து "மூடிடும்மா" என்றாள். மூடினேன். வாயை மூடத்தான் எனக்கு வழி தெரியவில்லை. அதனால் பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். ஒரு கேள்வி வரும்போதெல்லாம் ஒரு பிஸ்கட். உன் டப்பாவில் ஒன்றுகூட மிச்சமில்லை. என் பல்லெல்லாம் வலித்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று சிரித்துவிட்டாள். "அம்மா, நீ கேள்வி கேக்காம இருக்கிறதுக்காகவா தின்னுட்டு இருக்கே?" என்றாள். ஆமாம் என்றேன். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. எனக்கும்தான்.

அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில், "நீ ஏன் அங்கே போனே?" என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிஸ்கட் வேறு தீர்ந்துபோயிருந்தது. உன் தலையணை உறையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கிழிந்துவிட்டது, புதிதாக வாங்கித் தருகிறேன்.

ஏன் என்னிடம் முதலில் சொல்லவில்லை என்று கேட்கக் கூடாது என்று இருந்தேன். அவளாகவே சொன்னாள். "நீ விசாரிப்பேம்மா. எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒண்ணைக் கேட்டுடுவேன்னு பயமா இருந்துச்சு." எத்தனை பிள்ளைகளிடமிருந்து உண்மையை வாங்கியிருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொள்வேனே, என் பிள்ளை என்னிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் போனதற்கு அந்தத் திறமைதான் காரணம். இதை எழுதவே கை கூசுகிறது.

உனக்கு எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவளிடமே கேட்டேன். பார், நானும் கேட்கப் பழகிவிட்டேன். அவள் அனுமதித்ததை எழுதுகிறேன்.

நாம் அவளை நூலகத்தருகே பார்ப்பதற்கு முன்பே ஒரு நாள், நீ விடுப்பு என்று நினைத்துத்தான் அவள் உங்கள் அறைக்கு வந்தாளாம். நடையில் உட்கார்ந்திருந்தவளை நீ கதவைத் திறந்து பார்த்தாயாம். ஒரு வார்த்தை பேசாமல் கதவை மூடிக்கொண்டாயாம். "எனக்கு உயிரே போயிடுச்சும்மா, சித்திக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்" என்றாள். உடனே இன்னொரு அம்மாள் வெளியே வந்து, "சொந்தக்காரங்களை நாங்க பார்க்க மாட்டோம்மா, உங்க விஷயம் எனக்குத்தான் தெரியும், அவங்க காதுக்குப் போகாது" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாளாம். "இன்னைக்கு வரைக்கும் சித்திக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. அவங்க பாவம்" என்றாள்.

நான் உனக்கு எழுதிய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று குத்திக் குத்தி எழுதினேன். நீயும் என்னைப் போலவே இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாய். "எனக்கும் தெரியாதுக்கா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் உன்னை விட்டிருப்பேன். ஆனால் அந்த ஒரு வரி, அவள் வந்தாள் என்று சொல்லியிருக்கும். அதனால் வாங்கிய அடியை எல்லாம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாய். சின்ன வயதில் ஒரு மிட்டாயைக்கூட மறைக்கத் தெரியாதவள் நீ.

துறைத் தலைவரின் எண்ணைக் கிழித்துப் போட்டேன். அந்தப் போனுக்கு அடுத்த நாற்காலி யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியும். டி.சி. விண்ணப்பத்தையும் அவள் கையிலேயே கொடுத்தேன், உன் இஷ்டம் என்று. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த உன் சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்துவிட்டு விடுதிக்குப் போனாள். அவள் என்னோடு வரவில்லை. பரீட்சை எழுதப் போகிறாள். ரயிலில் தனியாகத்தான் திரும்பி வந்தேன்.

மன்னிப்பு பிஸ்கட்டுக்கும் தலையணை உறைக்கும் மட்டும்தான் என்று முதலில் எழுத நினைத்தேன். இல்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து.

அக்கா


மார்ச் 15

அக்கா,

மேசைக் காலுக்கு அடியில் அந்தத் தாள் இருக்கிறது. மேசை இப்போது ஆடவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கதவை மூடியது யாருடைய கை என்று இன்னும் எனக்கே புரியவில்லை. நடையில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் உடம்பு துடித்தது. கட்டிக்கொண்டால் அவளுக்குச் சித்தி கிடைப்பாள், பேசுவதற்கு ஒரு அறை இல்லாமல் போகும். கதவை மூடிவிட்டு, கூட வேலை செய்கிறவளைக் கையைக் காட்டி அனுப்பினேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லையோ என்று பட்டாணி நினைத்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அதிலிருந்து தினமும் அந்தத் தோழியோடுதான் டீ குடிக்கிறேன். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் கேட்க மாட்டேன், கேட்டாலும் அவள் சொல்ல மாட்டாள். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேரானதைப் பற்றி இருவரும் அக்கறையாகப் பேசிக்கொள்வோம். நூலகப் படிக்கட்டில் நான் செய்தது முட்டாள்தனம் என்றும் எனக்குத் தெரியும். மற்ற சித்திகளைப் போலக் கன்னத்தைக் கிள்ளியிருந்தால் உனக்குச் சந்தேகமே வந்திருக்காது. பழக்கம் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டது. ரகசியத்தைக் காக்கிறேன் என்று நானே காட்டிக் கொடுத்தேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அறையில் வேலை செய்கிறவளாகக் கேட்கவில்லை, சித்தியாகக் கேட்கிறேன். என்ன நடந்தது, அக்கா? எவ்வளவு தூரம் போயிற்று? ராத்திரியில் நானாக எதை எதையோ நினைத்துக்கொள்கிறேன், எல்லாம் மோசமாகவே வருகிறது. புகார் கொடுக்கப் போகிறாளா? அந்த ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறானா? நீ முழுதாகச் சொல்ல வேண்டாம், ஒரு வரி போதும். அவளிடம் காட்டிக்கொள்ளவே மாட்டேன், சத்தியமாக.

வாலு


மார்ச் 20

என் வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர், "பாவம் அவ, சொல்லிடேன்" என்றார். அவரும் என்னிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

என் பதில்: சொல்ல முடியாது.

கசக்கிப் போடாதே. உனக்கு என்று இல்லை, எல்லாருக்கும் இதே பதில்தான். உனக்குச் சொல்லி அவருக்குச் சொல்லாவிட்டால் அவர் முகத்தைத் தூக்கிக்கொள்வார், அவருக்குச் சொல்லி உனக்குச் சொல்லாவிட்டால் நீ அடுப்பை அணைய விடுவாய். என்ன நடந்தது என்பது அவளுடையது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதும் அவளுடையது. புகாரும் அப்படித்தான். கொடுத்தாலும் கூட நிற்பேன், கொடுக்காவிட்டாலும் கூட நிற்பேன் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருவதைக் கேட்டு அவளே "அம்மா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

ராத்திரியில் நீ படுகிற பாடு எனக்குத் தெரியும். நானும் பட்டேன். என்னிடம் வாங்கிய அடிக்குப் பழிவாங்குகிறேன் என்று நினைக்காதே. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பேனாவை எடுத்தேன், வாலு. இரண்டு தடவையும் நீ நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்ற முதுகுதான் ஞாபகம் வந்தது.

நேற்று அவளிடம் போனில் பேசினேன். நீ கேட்டதாகச் சொன்னேன், மறைக்கவில்லை. அவள் மூச்சை வைத்து எதையும் கண்டுபிடிக்க நான் முயலவில்லை. பிறகு, உனக்கு ஒன்றே ஒன்று எழுத அனுமதி கொடுத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சித்தியை எங்கேயாவது பார்த்தா நானே முதல்ல கூப்பிடுவேன்னு சொல்லு. இந்த வாரமா, பரீட்சை முடிஞ்சா, தெரியலை. ஆனா கூப்பிடுவேன். அதுவரைக்கும் அவங்க நோட்டீஸ் போர்டையே பார்த்துக்கிட்டு இருக்கட்டும்."

அந்த நீல மூடி பாட்டில் கிடைத்துவிட்டதா என்று பார்த்து எழுது.

அக்கா